ஏட்ரியன் மோலின் டைரியை எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தோம்

மதுரைத் தமுக்கம் மைதானத்துப் புத்தகத் திருவிழாவில் அண்ணன் மகனுக்காக வாங்கிய புத்தகம். இப்போது வீட்டில் அதற்கு உரிமை கொண்டாடுபவர் என் அம்மா. எண்பதை நெருங்குகிறார், ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. அது ஒரு தடையாகவே இருக்கவில்லை.

புத்தகம், சூ டவுன்சென்ட் எழுதிய 'தி சீக்ரெட் டைரி ஆஃப் ஏட்ரியன் மோல், ஏஜ்டு 13¾'. 1982இல் இங்கிலாந்தில் வெளிவந்த நகைச்சுவை நாவல். கதை என்று தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை, தலைப்பிலேயே இருக்கிறது. பதின்மூன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன் 1981 ஜனவரி 1ஆம் தேதி டைரி எழுதத் தொடங்குகிறான். அடுத்த வருஷம் ஏப்ரல் தொடக்கம் வரை எழுதுகிறான். முகப்பருவைப் பற்றி எழுதுகிறான், நாயைப் பற்றி எழுதுகிறான், பண்டோரா என்ற பள்ளித் தோழியைப் பற்றி மூச்சுவிடாமல் எழுதுகிறான். தான் ஓர் அறிவுஜீவி என்பதில் அவனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அதற்குச் சாட்சி சொல்லத்தான் வீட்டிலும் பள்ளியிலும் ஆள் கிடைக்கவில்லை.

படித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது கோட்டையூரில், ஒரு பெரிய செட்டியார் வீட்டின் பின்கட்டில். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கும் எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கும் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் பெருக்கி, விளக்கேற்றிப் பார்த்துக்கொள்வது அம்மா. நான் காரைக்குடிக் கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணனும் அண்ணியும் சிங்கப்பூரில். பையன் ஒன்பதாம் வகுப்பு, எங்களோடு இருந்து படிக்கிறான். அவனுக்கு ஆங்கிலம் சரளமாக வர வேண்டும் என்று அண்ணி போனில் கேட்டுக்கொண்டதால், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் சத்தமாக வாசிப்பான். புரியாத இடத்தை நான் தமிழில் சொல்வேன். பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அம்மா, "யாருடி அந்த லூகாசு?" என்று கேட்ட அன்றிலிருந்து மூன்று பேர் ஆகிவிட்டோம்.

லூகாஸ், ஏட்ரியனின் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய மனைவி அவரை விட்டுப் போய்விட்டார். ஒரு நாள் ஏட்ரியன் பள்ளியிலிருந்து வருகிறான். அடுப்படியில் லூகாஸும் அவன் அம்மாவும் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அறை முழுக்கச் சிகரெட் புகை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இவன் உள்ளே போனதும் சிரிப்பை நிறுத்திவிடுகிறார்கள். இவ்வளவையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டுப் பையன் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறான். ஏன் நிறுத்தினார்கள் என்று அவனுக்கு ஒரு யோசனையும் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பையனுக்கும் வரவில்லை. சாவகாசமாக அடுத்த தேதிக்குப் போனான். அம்மா கீரையைக் கீழே வைத்தார்.

"ஏ அப்பு, அந்த ஆளு இதுக்கு முன்னாடி எத்தனை தடவை வந்தான்?"

"ஞாபகம் இல்ல அப்பத்தா. எதுக்கு?"

"நீ வாசி. எங்கே போகப் போறான், வருவான்."

எத்தனையோ பக்கம் கழித்து ஏட்ரியனின் அம்மா அந்த லூகாஸோடு ஷெஃபீல்டுக்குப் போய்விடுகிறார். ஏட்ரியனுக்கு அதிர்ச்சி. எங்கள் பையனுக்கு அதிர்ச்சி. அம்மா மட்டும், "இத்தனை நாளா நான் என்ன சொன்னேன்?" என்றார்.

இந்தப் புத்தகத்தின் சூட்சுமம் முழுக்க இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. எங்கள் தொழிலில் சிட்டை என்று ஒன்று உண்டு. அன்றன்று நடந்த வரவு செலவை நடந்த வரிசையில் அப்படியே எழுதிவிடுவது. அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகுதான் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று வெளிச்சமாகும். ஏட்ரியன் சிட்டை மட்டும்தான் எழுதுகிறான். ஒரு வரிகூடப் பொய் இல்லை, ஒன்றையும் மறைக்கவும் இல்லை. பேரேட்டில் ஏற்றுகிற வேலை வாசிக்கிறவர் தலையில். எண்பது வயசுக்காரி அதை உடனே ஏற்றிவிடுகிறார், பதினாலு வயசுக்காரன் மெதுவாக ஏற்றுகிறான். இருவருக்கும் அவரவர் இடத்தில் சிரிப்பு வருகிறது.

இதே கதையை நாற்பது வயது ஏட்ரியன் திரும்பிப் பார்த்து எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "அப்போது எனக்குப் புரியவில்லை" என்று ஒரு வரி கட்டாயம் வந்திருக்கும். அந்த வரி வந்த இடத்தில் சிரிப்பு செத்துப்போகும். டைரிக்காரனுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. புத்தாண்டு அன்று நல்ல தீர்மானங்கள் எடுக்கிறான், பருவைக் கிள்ள மாட்டேன், நாயிடம் அன்பாக இருப்பேன் என்பது மாதிரி. அதை எழுதும்போது அவ்வளவு உண்மையாக எழுதுகிறான். அடுத்தடுத்த தேதிகளில் அதே உண்மையோடு ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போகிறான். முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. நமக்கு உண்டு.

அறைக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கிற இடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவன் அறையின் சுவர்த்தாளில் 'நாடி' என்கிற குழந்தைப் பொம்மைப் படம். அறிவுஜீவி இருக்கிற அறையா இது என்று கறுப்பு அடிக்கிறான். எத்தனை பூச்சு அடித்தாலும் பொம்மையின் தொப்பியில் இருக்கும் மணி மட்டும் கறுப்பைத் தாண்டித் தெரிகிறது. கடைசியில் ஒவ்வொரு மணியாகப் பேனா வைத்து அடைக்கிறான். எங்கள் பையன் மறுநாளே தன் பக்கத்துச் சுவருக்குக் கறுப்பு கேட்டான். எங்கள் சுவர், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றிய ரகம், தொட்டால் வழுவழுவென்று இருக்கும். "வீட்டுக்கார ஆச்சி வந்து பார்த்தா என்னை உசுரோட விடுவாகளா?" என்று அம்மா கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிரிப்புக்கு நடுவே கனமான சமாச்சாரங்களும் வந்து போகின்றன, அதுவும் இதே வழியில். ஏட்ரியனின் அப்பா மின்சார ஹீட்டர் விற்கிற வேலையில் இருந்தவர், வேலை போய்விடுகிறது. (அம்மாவின் கருத்து: "அதை நம்மூர்ல வித்திருந்தா என்னைக்கோ போயிருக்கும்.") அப்பா டிரெஸிங் கவுனோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், கரண்ட் பில் கட்டக் காசு இல்லை. பையன் இதையும் தன் பருவுக்குக் கொடுக்கிற அதே முக்கியத்துவத்தோடு எழுதுகிறான். மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலம் அது. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. புத்தகத்தில் இதைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்வதில்லை. ஒரு பையனுடைய சாப்பாட்டுத் தட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்தே அந்த வீட்டு நிலவரம் தெரிந்துவிடுகிறது.

ஏட்ரியனின் அம்மா வீட்டை விட்டுப் போன பிறகு அப்பாவும் பிள்ளையும் சமையலோடும் துணிமணியோடும் போராடுகிற பக்கங்கள் வந்தபோது, எங்கள் பையன் புத்தகத்தை மூடிவிட்டு, "இன்னைக்குப் போதும் அத்தை" என்றான். சரி என்றேன். மறுநாள் அவனே எடுத்து வந்து இன்னொரு இடத்திலிருந்து ஆரம்பித்தான்.

என் அம்மாவுக்கு இதில் ரொம்பப் பிடித்தது இரண்டு கிழடுகள். ஒருவர் பெர்ட் பாக்ஸ்டர். பள்ளியில் முதியோருக்கு உதவும் குழு ஒன்றில் ஏட்ரியன் சேர்கிறான், அவனுக்கு ஒதுக்கப்படுகிற தாத்தா இவர். எண்பத்தொன்பது வயது, கம்யூனிஸ்ட், ஓயாத சிகரெட், பீட்ரூட் சாண்ட்விச், கடிக்க வருகிற ஒரு பெரிய நாய். நன்றி சொல்வது என்ற பழக்கமே கிடையாது. சேவை செய்து புண்ணியம் சம்பாதிக்கப் போன பையனை வேலைக்காரனாக்கி விடுகிறார். இன்னொருவர் ஏட்ரியனின் அப்பத்தா. பாரி கென்ட் என்கிற முரடன் பள்ளியில் இவனிடம் மிரட்டிக் காசு பிடுங்கிக்கொண்டே இருக்கிறான். யாராலும் ஒன்றும் முடியவில்லை. அப்பத்தா கோட்டை மாட்டிக்கொண்டு நேராக அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அவ்வளவு காசையும் வசூல் செய்து கொண்டு வந்துவிடுகிறார். இந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் மூன்று முறை வாசிக்க வேண்டியதாயிற்று.

எழுதியவரைப் பற்றிக் கொஞ்சம். சூ டவுன்சென்ட் 1946இல் லெஸ்டர் நகரில் பிறந்தவர். அப்பா தபால்காரர், அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. எட்டு வயதில்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டார். பதினைந்து வயதுக்குள் பள்ளியை விட்டாயிற்று. பதினெட்டில் கல்யாணம், இருபத்து மூன்றுக்குள் மூன்று குழந்தைகள், அப்புறம் விவாகரத்து. பெட்ரோல் பங்கிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்துக்கொண்டு, குழந்தைகள் தூங்கிய பிறகு யாருக்கும் தெரியாமல் வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறார். மூத்த மகன் ஒரு நாள், மற்றக் குடும்பங்களைப் போல நாம் ஏன் சஃபாரி பார்க்குக்குப் போவதில்லை என்று கேட்டானாம். அந்தக் குறைபட்டுக்கொள்கிற குரலில்தான் ஏட்ரியன் முளைத்திருக்கிறான். இதைப் படித்துச் சொன்னபோது எங்கள் பையன் மறுப்பே சொல்லவில்லை. வகுப்பில் எல்லோரும் கொடைக்கானல் போய்விட்டார்கள் என்பது அவனுடைய நிரந்தரக் குறை.

1982 தொடக்கத்தில் இது முதலில் பிபிசி வானொலியில் நாடகமாக வந்தது. அப்போது பையனின் பெயர் நைஜல். ஏற்கனவே பிரபலமான இன்னொரு பள்ளிக்கூடப் பாத்திரத்தின் பெயரோடு குழம்பும் என்பதால் புத்தகத்தில் ஏட்ரியன் ஆனான். 1980களில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற நாவல்களில் ஒன்று இது. டவுன்சென்ட் சர்க்கரை நோயால் 2001இல் பார்வையை இழந்தார். அதற்குப் பிறகும் எழுதினார். 2014இல் காலமானார்.

சரி, ஆங்கிலம் எப்படி? நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல ஆரம்பம் என்பேன். வாக்கியங்கள் சின்னச் சின்னவை. ஒரு நாள் பதிவு சில நேரம் இரண்டே வரி. எங்கே நிறுத்தினாலும் ஒரு நாள் முடிந்திருக்கும். நாவலைப் பாதியில் விட்ட குற்ற உணர்ச்சி வராது. நான் படித்தது தமிழ் மீடியம், எனக்கே அகராதி அதிகம் தேவைப்படவில்லை. கஷ்டம் சொற்களில் இல்லை, 1981ஆம் வருஷத்தில்தான் இருக்கிறது. அரசாங்க உதவிப் பணம் வாங்க வரிசையில் நிற்பது, ஜூலை 29 அன்று சார்லஸ் - டயானா கல்யாணத்துக்குத் தெருவே கூடி விருந்து வைப்பது, அன்றைய டிவி நிகழ்ச்சிகள், பாட்டுக்காரர்கள். இவை வருகிற இடங்களில் பிள்ளைகள் முழிப்பார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் தாண்டிவிடலாம். பாட்டுக்காரர்களை நானும் தாண்டித்தான் போனேன்.

ஒரு இடத்துக்கு மட்டும் விளக்கம் சொல்லிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கடைசியில் ஃபாக்லண்ட் போர் வருகிறது. பிரிட்டனிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, தென் அட்லாண்டிக்கில் இருக்கிற தீவுகள் அவை. 1982 ஏப்ரல் 2ஆம் தேதி அர்ஜென்டினா அங்கே படையை இறக்கியது. செய்தியைக் கேட்டதும் ஏட்ரியனின் அப்பா படுக்கையிலிருந்து துள்ளிக் குதித்து எழுகிறார். ஃபாக்லண்ட் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் இருப்பதாக அவர் நினைப்பு. அப்புறம் உலகப்படத்தில் தேடினால் தீவையே காணோம். அதன் மேல் கேக் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தேசம் போருக்குப் போகிற லட்சணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. தீவு எங்கே இருக்கிறது என்று முன்னாலேயே தெரிந்தால்தான் சிரிப்பு வரும். பையனுடைய அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் அந்த இடத்தைப் படித்தோம்.

கவிதை விஷயமும் உண்டு. அறிவுஜீவி என்பதால் கவிதை எழுதுகிறான். தண்ணீர்க் குழாய் சொட்டுவது பற்றி ஒரு கவிதை எழுதி பிபிசிக்கு அனுப்புகிறான். அங்கிருந்து பெரிய மனிதர் ஒருவர் மரியாதையாகப் பதிலும் போடுகிறார். கம்பன் கழகமும் கண்ணதாசன் மணிமண்டபமும் இருக்கிற ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதில் சிரிப்பதற்குக் கொஞ்சம் தயக்கம் வரும். பதினாலு வயதில் கவிதை நோட்டு வைத்திருக்காத ஆளை நான் காரைக்குடியில் சந்தித்ததில்லை. என்னுடையது பரண் மேல் இருக்கிறது, யாருக்கும் காட்டுவதாக இல்லை.

குறைகளும் இருக்கின்றன. நடுவில் ஒரு பகுதி இழுக்கிறது. பரு, பண்டோரா, நாய், மறுபடி பரு என்று சுற்றிச் சுற்றி வரும்போது பையன் இரண்டு மூன்று பக்கம் தள்ளிவிட்டான், நானும் கேட்கவில்லை. பண்டோராவை எனக்கு முழுசாகப் பார்க்கவே முடியவில்லை. பள்ளியில் கறுப்பு சாக்ஸ்தான் போட வேண்டும் என்ற விதியை எதிர்த்து எல்லோரும் சிவப்பு சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிற போராட்டத்தில் மட்டும் அந்தப் பெண் ஆளாகத் தெரிகிறாள். மற்ற இடங்களில் தலைமுடிதான் தெரிகிறது. பார்க்கிறவன் பதினாலு வயசுப் பையன், அவனுக்கு அவ்வளவுதான் கண்ணில் பட்டது என்று ஆசிரியருக்காக வாதாடலாம். எனக்கு அது பாதிதான் சமாதானம்.

ஏட்ரியனின் அம்மா பாலின் விஷயத்தில் இதே வாதம் முழுசாகவே செல்லுபடியாகிறது. பையன் அவரைப் பற்றி எழுதுவதெல்லாம் புகார்தான்: சமைக்கவில்லை, துணியைத் துவைக்கவில்லை, பெண்ணுரிமைப் புத்தகம் படித்துவிட்டு மாறிவிட்டார். புகார்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், வேலையற்ற புருஷனுக்கும் விரலைக்கூட அசைக்காத பிள்ளைக்கும் நடுவில் ஒரு பெண் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பது தெரிகிறது. தீர்ப்புச் சொல்வதில் எங்கள் அம்மாவுக்குத் தயக்கமே கிடையாது. லூகாஸ் வந்த முதல் நாளே அந்த அம்மாளைக் கிழித்துத் தொங்கவிட்டவர். பாதிப் புத்தகம் போனதும், "அவ போனது தப்புத்தான். ஆனா அந்த வீட்டுல எவ இருப்பா?" என்றார்.

இந்த வகைப் புத்தகங்களில் இப்போது பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஜெஃப் கின்னியின் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்'. இணையத்தில் 2004இல் தொடங்கி, 2007இல் புத்தகமாக வந்தது. எங்கள் பையன் பள்ளி நூலகத்தில் எடுத்து அதில் பலவற்றைப் படித்திருக்கிறான். கோடு போட்ட நோட்டில் கையெழுத்து மாதிரி எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் கோட்டுச் சித்திரம். அதன் நாயகன் கிரெக், இது டைரி இல்லை என்று முதல் பக்கத்திலேயே சண்டைக்கு வருகிறவன். அவன் எழுதுவதில் தான் நல்லவன். பக்கத்தில் இருக்கிற படத்தில் நண்பன் ரவுலிதான் அடி வாங்கிக்கொண்டிருப்பான். கிரெக்கைக் காட்டிக்கொடுக்கிற வேலையை அங்கே படம் செய்துவிடுகிறது. ஏட்ரியனிடம் படம் இல்லை. அவனை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் கிரெக் வேகமாகச் சிரிக்க வைக்கிறான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஆனால் கிரெக் வீட்டைப் பற்றி எங்கள் அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இன்னொரு வித்தியாசம், கிரெக் புத்தகத்துக்குப் புத்தகம் அதே பள்ளிப் பையனாகவே இருக்கிறான். ஏட்ரியனுக்கு வயதாகிறது. மொத்தம் எட்டுப் புத்தகம். 2009இல் வந்த கடைசிப் புத்தகத்தில் நாற்பதைத் தொடுகிறான், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிறான், அப்போதும் தான் பெரிய எழுத்தாளன் என்ற எண்ணம் போகவில்லை. முதல் புத்தகத்தின்படி கணக்குப் போட்டால் அவன் 1967 ஏப்ரலில் பிறந்தவன், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். அண்ணன் வகுப்பு.

பெண் பிள்ளை எழுதுகிற டைரி வேண்டுமென்றால், 1999இல் லூயிஸ் ரெனிசன் தொடங்கிய ஜார்ஜியா நிக்கல்சன் வரிசை இருக்கிறது. முதல் புத்தகத்தின் தலைப்பை அம்மா முன்னால் சொல்ல முடியாது, விட்டுவிடுகிறேன். பதினாலு வயது ஜார்ஜியா ஒரு விருந்துக்கு ஆலிவ் காய் வேஷம் போட்டுக்கொண்டு போகிறாள், ஒழுங்குபடுத்துகிறேன் என்று புருவத்தையே மழித்துவிடுகிறாள். வேலை தேடி நியூசிலாந்து போகிற அப்பா, அடங்காத ஒரு பூனை. சிரிப்பு அதிகம். ஆனால் கொச்சை ஆங்கிலம் ஏராளம். அமெரிக்கப் பதிப்புக்கே பின்னால் சொல் விளக்கம் சேர்க்க வேண்டி வந்திருக்கிறது என்றால் நம் கதியை நினைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் படிக்க நன்றாக இருக்கும், சத்தமாக வாசிக்க ஏட்ரியன்தான்.

தமிழில் டைரி என்றால் ஆனந்தரங்கப் பிள்ளையிடம்தான் போய் நிற்போம். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவரின் நாட்குறிப்பு, 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரி, கவர்னர், சண்டை, சரக்கு. அதில் பரு கிடையாது. ஏட்ரியன் மாதிரி ஒரு தமிழ்ப் பையன் எழுதியதை நான் இன்னும் படிக்கவில்லை. இந்த ஊரில் அதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் ஏட்ரியன் வயதுப் பையன்கள் இங்கிருந்து கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனார்கள். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள் என்று படி ஏறினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், ராத்திரியில் லாந்தர் வெளிச்சத்தில் கணக்கு எழுதியவர்கள். சிவமயம் என்று போட்டு ஊருக்குக் கடிதாசியும் எழுதினார்கள், நலம், நலமறிய ஆவல் என்று. முதலாளியின் குறட்டை, கைக்குக் கிடைக்காத மீசை, பக்கத்துக் கடைக்கு வந்து போகிற பர்மியப் பெண், இதையெல்லாம் ஒருவனாவது ஒரு நோட்டில் எழுதி டிரங்குப் பெட்டி அடியில் வைத்திருக்க மாட்டானா? முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

நம் பிள்ளைகள் எழுதாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் என்று நினைக்கவில்லை. புது வருஷத்துக்கு நகைக்கடையும் பேங்க்கும் கொடுக்கிற டைரி எங்கள் வீட்டிலும் இரண்டு கிடக்கிறது. ஒன்றில் பால் கணக்கு, இன்னொன்றில் கோலம். நீ எழுதேன் என்று பையனிடம் நீட்டினேன். "நீங்க படிச்சிருவீங்க அத்தை" என்றான். படிப்பேன்தான். பூட்டுப் போட்ட அறை இருக்கிற ஊரில்தான் ரகசிய டைரி பிறக்கும் போல. இங்கே ஒரு வளவில் யார் தும்மினாலும் எதிர்க்கட்டில் கேட்கும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொம்மை அட்டையைப் பார்த்துவிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கள்ள உறவு, குடி, சிகரெட், ஆபாசப் பத்திரிகை எல்லாம் போகிற போக்கில் வருகின்றன. ஏட்ரியன் அடிக்கடி ஸ்கேல் வைத்துத் தன் உடம்பை அளக்கிறான், எந்த இடம் என்பதை நான் சொல்லப் போவதில்லை. அந்த வரிகள் வந்தபோது பையனுக்குத் திடீரென்று தண்ணீர்த் தாகம் எடுத்தது, எனக்கு அடுப்படியில் வேலை இருந்தது. அம்மா, "என்னடி, கதை நின்னு போச்சு?" என்றார். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பெற்றோர் முதலில் ஒரு தடவை புரட்டிவிட்டால் எங்கே தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நான் வாங்கிய பிரதியின் காகிதம் மட்டம், பசை ஒழுங்காக இல்லை. ஜூலை மாதம் முழுக்கக் கழன்று கையோடு வந்துவிட்டது. எழுத்தும் பொடி. வாங்குமுன் முதுகை விரித்துப் பாருங்கள்.

இரண்டாம் பாகம் 'தி குரோயிங் பெயின்ஸ் ஆஃப் ஏட்ரியன் மோல்', 1984இல் வந்தது. சொல்லி வைத்திருக்கிறேன், அரைப்பரீட்சை முடிவதற்குள் வந்துவிடும். அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறக்கப் போகிறது என்பதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன். உருவிய கீரையைத் தட்டில் தள்ளிவிட்டு, "என்னைக்குப் பொறக்குது? அந்த லூகாசு எப்ப ஊரை விட்டுப் போனான்? ரெண்டு தேதியையும் சொல்லு" என்றார்.